மைக்குக்கு முன்னால் பூர்வீகம்

(திருவாதவூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் கேட்டார்: "மாணிக்கவாசகர் பொறந்த ஊருல வந்து ஈரான்காரன் சிரிப்பப் பத்திப் பேசணுமாய்யா?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

இந்த ஊருக்கும் பாரசீகத்துக்கும் நடுவே ஒரு பழைய கணக்கு இருக்கிறது. குதிரைக் கணக்கு. அரிமர்த்தன பாண்டியன் பொன்னைக் கொடுத்து, "நல்ல குதிரையாகப் பார்த்து வாங்கி வாரும்" என்று உங்கள் ஊர்க்காரரான மாணிக்கவாசகரை அனுப்பினான். அவர் போனார். பொன் திருப்பெருந்துறையில் கோயில் வேலைக்குப் போய்விட்டது. குதிரை வரவில்லை. மீதிக் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்; ஆவணி மூலத் திருவிழாவில் வருஷா வருஷம் பார்க்கிறீர்கள். பாண்டிய நாட்டுக்குக் குதிரை கடல் தாண்டித்தான் வந்தது என்பதற்குப் பிற்காலத்தில் எழுத்துச் சாட்சியும் உண்டு. வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர், வளைகுடாவில் உள்ள கீஷ் தீவிலிருந்து பாண்டிய நாட்டுக்குக் குதிரைகள் கப்பலேறியதையும், ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை பேசப்பட்டதையும் எழுதிவைத்தார். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவுக்கு வேறொரு வருத்தம். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குதிரைகளுக்கு இந்த ஊர்க்காரர்கள் வேகவைத்த கறியும் சோறும் போடுகிறார்களே, பிறகு அவை எப்படிப் பிழைக்கும் என்கிறார். விருந்தாளி யாராக இருந்தாலும் கறிச்சோறு போட்டுத்தான் அனுப்புவது என்ற நம் வட்டார வழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது!

நான் சொல்ல வந்தது அந்தக் கதையின் நடுப்பகுதி. இறைவன் குதிரை வணிகன் வேஷம் கட்டிக்கொண்டு வருகிறான். அரசன் நம்புகிறான், சேனை நம்புகிறது, ஊரே நம்புகிறது. கயிறு மாற்றிக் கொடுத்தாயிற்று. இரவானதும் குதிரைகளெல்லாம் நரிகளாகி, லாயத்தில் ஊளைச் சத்தம். வேஷத்தை எல்லாரும் முழுதாக நம்பிய பிறகு அதை உரித்துக் காட்டும் இந்த வித்தையை, லண்டனில் ஓர் இரானிய வீட்டுப் பிள்ளை 1990களில் மேடையில் செய்துகாட்டினார். பெயர் ஒமித் ஜலிலி.

ஒமித் ஜலிலி 1965இல் லண்டனில் பிறந்தவர். பெற்றோர் இரானிலிருந்து வந்த பஹாய் சமயத்தார். தில்லியில் தாமரைக் கோயில் பார்த்திருப்பீர்களே, அந்தச் சமயம். இவர் மேடைக்கு வரும் விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். தொப்பையும் வழுக்கையும் அகன்ற சிரிப்புமாக வருவார். மைக்கைப் பிடித்து, மத்திய கிழக்கிலிருந்து நேற்றுத்தான் விமானம் இறங்கியவர் போன்ற கரடுமுரடான ஆங்கிலத்தில் பேச ஆரம்பிப்பார். உச்சரிப்பு தடுமாறும். துணுக்குகள் அசடு வழியும். கூட்டம் பெருந்தன்மையோடு சிரிக்கும். பாவம், மொழி தெரியாத மனிதர் முயற்சி செய்கிறார் என்ற சிரிப்பு அது. அந்தச் சிரிப்பு நன்றாக ஊறியதும், எந்த அறிவிப்பும் இல்லாமல், படித்த லண்டன்காரரின் சுத்தமான ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். ஒரு கணம் அரங்கம் திகைக்கும். அதுவரை சிரித்தது யாரைப் பார்த்து, எதற்காக என்று ஒவ்வொருவரும் தனக்குள் கணக்குப் பார்க்க வேண்டிவரும். அதன் பிறகு வரும் சிரிப்பு வேறு ரகம்.

மேடையில் இதைச் செய்ய அவருக்கு நேரம் இருந்தது. ஒரு மணி நேரம் அவருடையது. வேஷம் கட்டவும் நேரம், கலைக்கவும் நேரம். இன்றைக்கு நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்: ஒரு கலைஞனுக்குக் கொடுக்கும் நேரம் குறையக் குறைய, அவன் பூர்வீகம் பெரிதாகிக்கொண்டே போகும். கடைசியில் பூர்வீகம் மட்டும் மிஞ்சும், ஆள் காணாமல் போவான்.

ஜலிலியின் பயணத்தையே பாருங்கள். 1995இல் எடின்பரோ கலைவிழாவில் தன் முதல் பெரிய நிகழ்ச்சியை வைத்தார். குட்டையான, குண்டான, கெபாப் கடைக்காரர் மகன் என்று தலைப்பிலேயே தன்னைக் கேலி செய்துகொண்டார். அதன் பின் சினிமா கூப்பிட்டது. எதற்கு? 1999இல் வந்த 'தி மம்மி' படத்தில் எகிப்துச் சிறை அதிகாரி. 2000இல் வந்த 'கிளாடியேட்டர்' படத்தில் அடிமை வியாபாரி. இரானியர் அரபியர் அல்லர். மொழி வேறு, வரலாறு வேறு. அதெல்லாம் திரையில் இரண்டு நிமிடம் வரும் பாத்திரத்துக்கு யாருக்கு வேண்டும்? கறுத்த தாடி போதும். 2003இல் அமெரிக்க என்.பி.சி. தொலைக்காட்சி வூப்பி கோல்ட்பர்க்கின் தொடரில் அவரை நசீம் என்ற இரானிய ஓட்டல் பணியாளராக்கியது. இரானியருக்கு இரானியர் வேடம். அந்த அளவுக்கு முன்னேற்றம். அவர் பெயரிலேயே நிகழ்ச்சி ஒன்று பி.பி.சி. முதல் அலைவரிசையில் வந்தது 2007இல். எடின்பரோ மேடையிலிருந்து அந்த இடத்துக்கு வரப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. 2015இல் 'டிக்கென்சியன்' என்ற பி.பி.சி. தொடரில், சார்லஸ் டிக்கன்ஸின் பாத்திரமான மிஸ்டர் வீனஸாக வந்தார். அந்தப் பாத்திரத்துக்கும் இரானுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. அவரை ஒரு நடிகராக மட்டும் பார்த்த வேடங்களில் அதையும் சேர்ப்பேன்.

அமெரிக்காவில் இதே கதை இன்னும் கசப்பாக நடந்தது. மாஸ் ஜோப்ரானி தெஹ்ரானில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். அவருக்கு வந்த வாய்ப்புகளில் பயங்கரவாதி வேடங்கள் இருந்தன. ஒன்றிரண்டு நடித்தார், போதும் என்று நிறுத்திக்கொண்டார். பிறகு, "நான் பயங்கரவாதி இல்லை, ஆனால் டி.வி.யில் நடித்திருக்கிறேன்" என்று அர்த்தம் வரும் தலைப்பில் 2015இல் ஒரு புத்தகமே போட்டார். அதற்கு முன்பே அரபு வம்சாவளி நண்பர்களோடு சேர்ந்து, அதிபர் புஷ் சொன்ன "தீமையின் அச்சு" என்ற வசையையே தங்கள் குழுவுக்குப் பெயராக வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். 2007இல் காமெடி சென்ட்ரல் அலைவரிசை அதை ஒளிபரப்பியது. திட்டினவன் சொல்லையே எடுத்துப் பலகையில் எழுதி வாசலில் மாட்டுவது மதுரைக்காரனுக்குப் புரியாத குசும்பு இல்லை.

இன்னொருவர் ஷாப்பி கோர்சந்தி. தெஹ்ரானில் 1973இல் பிறந்தவர். அப்பா ஹாதி கோர்சந்தி பேர்பெற்ற அங்கத எழுத்தாளர். புரட்சிக்குப் பிறகு அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. குடும்பம் லண்டனில் தங்கிவிட்டது. அங்கிருந்தும் அவர் எழுதினார். அவர் உயிருக்குக் குறிவைத்த சதி ஒன்றும் அங்கே நடந்தது. சிரிக்கவைத்த குற்றத்துக்காக அப்பாவைத் தேடி ஆள் வரும் வீட்டில் வளர்ந்த பெண், தானும் சிரிக்கவைக்கும் தொழிலுக்கே வந்தார். பி.பி.சி. ரேடியோ 4இல் அவருக்கென்று தனி நிகழ்ச்சி கிடைத்தது. வானொலியில் முகம் தெரியாது, தோல் நிறம் தெரியாது. தன் குடும்பக் கதையைத் தன் வேகத்தில் அவர் சொல்ல முடிந்தது. வானொலி என்ற ஊடகத்துக்கு இந்த விஷயத்தில் நாம் பெரிதாக நன்றி சொல்ல வேண்டும். அதற்கு மறுபடி வருகிறேன்.

இவர்கள் எல்லாருக்கும் முன்னால் பிரிட்டிஷ் தொலைக்காட்சி எப்படி இருந்தது என்பதையும் ஒரு வரியில் சொல்லியாக வேண்டும். 1974இல் தொடங்கிய ஒரு பி.பி.சி. நகைச்சுவைத் தொடரில் இந்தியப் பணியாளராக நடித்தவர், முகத்தில் கறுப்புச் சாயம் பூசிய வெள்ளைக்காரர். 1977இல் ஐ.டி.வி.யில் வந்த 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' முழுக்க முழுக்க வெளிநாட்டுக்காரர்கள் ஆங்கிலம் பேசத் தெரியாமல் தடுமாறுவதை வைத்தே ஓடியது. அது போன திசையைத் திருப்பியது 'குட்னஸ் கிரேஷியஸ் மீ'. மீரா சியால், சஞ்சீவ் பாஸ்கர் முதலியோர் சேர்ந்து செய்த அதுவும் முதலில், 1996இல், வானொலியில்தான் வந்தது. தொலைக்காட்சிக்கு 1998இல் போனது. இங்கேயும் வானொலிதான் முதலில் கதவைத் திறந்திருக்கிறது.

சரி, நம் வீட்டுப் பிள்ளைக்கு வருவோம். ரொமேஷ் ரங்கநாதன். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 1978இல் இங்கிலாந்தின் கிராலி என்ற ஊரில் பிறந்தவர். கிராலி, லண்டனுக்குத் தெற்கே, கேட்விக் விமான நிலையத்தை ஒட்டிய ஊர். அவருடைய சிறு வயதில் அப்பா சிறைக்குப் போனார், குடியிருந்த வீடு கைவிட்டுப் போனது. இதையெல்லாம் மறைக்காமல் அவரே எழுதியிருக்கிறார், பேசியிருக்கிறார். அம்மா பிள்ளைகளைக் கரைசேர்த்தார். ரொமேஷ் படித்து, கிராலியிலேயே, தான் படித்த பள்ளியிலேயே கணக்கு வாத்தியாரானார். சாயங்காலங்களில் மதுக்கடை மேடைகளில் சிரிப்புப் பேசினார். கணக்கு வாத்தியார் வேலையை விட்டுவிட்டுச் சிரிப்புக் காட்டப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் தமிழ்க் குடும்பம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2013இல் எடின்பரோவில் சிறந்த புதுமுகத்துக்கான பரிந்துரை. மறு வருஷமே முதன்மை விருதுக்கான பரிந்துரை.

அவருடைய பாணி, உற்சாகமே இல்லாத முகம். தேர்வுத்தாள் திருத்தி அலுத்துப்போன வாத்தியார் குரல். கூட்டத்தைப் பார்த்து, நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள் என்பதுபோல் பேசுவார். நமக்கு இந்தக் குரல் புதிதில்லை. காலை நேரத்தில் அகில இந்திய வானொலியில் 'இன்று ஒரு தகவல்' சொன்ன தென்கச்சி கோ. சுவாமிநாதனை இங்கே நாற்பது வயதைத் தாண்டியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏற்ற இறக்கமே காட்டாமல் பேசிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு குட்டிக்கதையை வைத்துவிட்டுப் போய்விடுவார். அவர் சிரித்ததை நாம் கேட்டதே இல்லை. பல் விளக்கிக்கொண்டிருந்தவன் நுரையோடு சிரிப்பான்.

ரொமேஷுக்குத் தொலைக்காட்சி கொடுத்த முதல் பெரிய தனித்தொடர் 2015இல், பி.பி.சி.யின் மூன்றாம் அலைவரிசையில். அதன் அடிப்படை என்ன தெரியுமா? மகனுக்குத் தன் பூர்வீகமே தெரியவில்லை, தமிழும் வராது என்று அம்மா சாந்தி கோபித்துக்கொண்டு, "போய் உன் மண்ணைப் பார்த்துவிட்டு வா" என்று இலங்கைக்கு அனுப்பிவைக்கிறார். பார்த்தீர்களா? பள்ளிக்கூடம், கிராலி, ராப் பாட்டு, கணக்கு என்று அவருக்குச் சொல்ல ஆயிரம் விஷயம் இருந்தது. வாசலில் கேட்டது என்னவோ, "எந்த ஊர்?" என்ற அந்தப் பழைய கேள்வியைத்தான்.

ஆனால் அவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன விதத்தில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. அந்தத் தொடரில் கேலிக்கு ஆளாகிறவர் அவரேதான். ஊர் தெரியாதவர், பாஷை தெரியாதவர், வெயில் தாங்காதவர், சொந்தக்காரர்கள் முன்னால் முழிப்பவர். விஷயம் தெரிந்தவர்களாக நிற்பவர்கள் அங்கே இருக்கும் உறவினர்கள். எல்லாருக்கும் மேலே, தொலைவில் உட்கார்ந்துகொண்டு உத்தரவு போடும் அம்மா. மகனுடைய முகத்துக்கு நேராக அவனை மட்டம் தட்டும் அந்தத் தாய், தொழில்முறைக் கலைஞர்களையே தோற்கடித்தார். 2016இல் இரண்டாவது தொடரில் அவரையும் கூட்டிக்கொண்டு அமெரிக்கா போனார்கள். தலைப்பிலேயே அம்மாவின் அமெரிக்கக் கனவு என்று வைத்தார்கள். போர் முடிந்து ஆறே வருஷமான இலங்கை மண்ணுக்குச் சிரிப்புத் தொடர் எடுக்கப் போகலாமா என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும் ஒரு தமிழ்த் தாய் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் யாருடைய சமையற்காரியாகவும் தாதியாகவும் இல்லாமல், தன் பிள்ளையைத் திட்டும் முழு உரிமையோடு வந்து உட்கார்ந்தது சின்ன காரியம் இல்லை.

அடுத்த படி எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. 2018இல் பி.பி.சி. இரண்டாம் அலைவரிசையில் ஒரு பயணத் தொடர். ஹைத்தி, எத்தியோப்பியா, அல்பேனியா போன்ற, சுற்றுலா விளம்பரங்களில் வராத நாடுகளுக்கு ரொமேஷ் போகிறார். உள்ளூர்க்காரர் ஒருவர் வழிகாட்டுகிறார். உலகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து பிரிட்டனுக்குச் சொல்லும் நாற்காலி அதுவரை யாருடையது? மைக்கேல் பேலின் போன்ற வெள்ளைக்காரக் கனவான்களுடையது. பார்க்கிறவர்கள் அவர்கள், பார்க்கப்படுகிறவர்கள் நாம். அந்த நாற்காலியில் இப்போது ஒரு ரங்கநாதன். ஹைத்திக்கும் அவர் பூர்வீகத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது, போனவர் கிராலிக்காரர். 2020இல் அந்தத் தொடருக்கு பாஃப்டா விருது கிடைத்தது. மறு வருஷம் தன் பெயரையே தலைப்பாக்கிய 'தி ரங்கனேஷன்' நிகழ்ச்சிக்காக அவருக்கே ஒரு பாஃப்டா.

பிறகு 2021 டிசம்பரில் 'வீக்கஸ்ட் லிங்க்'. பொது அறிவுப் போட்டி. ஆன் ராபின்சன் என்ற கண்டிப்பான அம்மையார் 2000த்திலிருந்து நடத்திப் புகழ்பெற்ற நிகழ்ச்சி. பதில் தெரியாதவரை முகத்துக்கு நேராக வெளியே அனுப்புவதுதான் அதன் ருசி. கணக்கு வாத்தியாருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உண்டா? அதில் அவர் அம்மாவைப் பற்றியோ இலங்கையைப் பற்றியோ பேச வேண்டிய அவசியமே இல்லை. கேள்வி கேட்கிறார், அலுத்துக்கொள்கிறார், அனுப்பிவைக்கிறார். 2024 ஏப்ரலில், பிரிட்டனில் மிக அதிகம் பேர் கேட்கும் வானொலியான ரேடியோ 2இல், சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சி அவர் கைக்கு வந்தது. மூன்று மணி நேரம். பாட்டுப் போடலாம், பேசலாம், பேசாமலும் இருக்கலாம். அவர் உயிராக நேசிக்கும் ஹிப் ஹாப் இசைக்காக அதே வானொலியில் ஏற்கெனவே ஒரு நிகழ்ச்சியும் நடத்தியவர். மூன்று மணி நேரம் கையில் இருக்கிறவனிடம் யாரும் "நீ எந்த ஊர், அதைச் சொல்லு" என்று கேட்பதில்லை. நினைத்தால் சொல்வான், இல்லையென்றால் கிராலியில் காப்பி நன்றாக இல்லை என்று புலம்புவான்.

திருநெல்வேலிக்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் கோபித்துக்கொள்வீர்கள், ஆகவே அஸீஸ் அன்சாரியையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் திருநெல்வேலித் தமிழ் முஸ்லிம்கள். 1983இல் அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் பிறந்தார். 2015இல் நெட்ஃபிளிக்ஸில் தன் தொடரை அவரே எழுதி நடித்தபோது, தன் சொந்த அப்பா அம்மாவையே அப்பா அம்மாவாக நடிக்கவைத்தார். அதில் பெற்றோரைப் பற்றிய ஒரு பகுதிக்கு, ஆலன் யாங்கோடு சேர்ந்து எழுதியதற்காக எம்மி விருது வாங்கினார். டி.வி.யில் இந்தியர் என்றாலே ஏன் ஒரே மாதிரி வேடம் என்பதற்கு முழுசாக ஒரு பகுதியே ஒதுக்கினார். அரை மணி நேரம் தன் கையில் இருந்ததால் அந்தக் கேள்வியை அவரால் அவர்களைத் திருப்பிக் கேட்க முடிந்தது.

இப்போது கடலுக்கு அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு நம் பக்கம் வருவோம். முதலில் இலங்கை. ரொமேஷின் பெற்றோர் தலைமுறை ஊரில் எதைக் கேட்டுச் சிரித்தது? கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்'. யாழ்ப்பாணத்துப் பேருந்து நடத்துநர் ஒருவர், ஓர் ஓட்டை பஸ், அதில் ஏறும் சனம். அவ்வளவையும் ஒரே ஆள், தன் ஒரே குரலில் நடித்துக்காட்டுவார். மேடையில் செய்தார், வானொலியில் வந்தது, கேசட்டாகவும் வீடு வீடாகப் போனது. இன்றைய பாஷையில் அது ஸ்டாண்ட்-அப் தான். அதில் யாழ்ப்பாணப் பேச்சு முழுக்க இருந்தது. ஆனால் யாரும் அவரிடம் "யாழ்ப்பாணத் தமிழ் பேசிக் காட்டு" என்று கேட்டு வாங்கியது இல்லை. கேட்டவர்களும் அதே பஸ்ஸில் போனவர்கள். பிற்பாடு அவர் கனடாவுக்குப் போய், 2014இல் அங்கேயே காலமானார்.

மதுரைக்கு வருவோம். நம் வட்டாரத்தில் தொலைக்காட்சிக்குப் போனவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வகை, அய்யா சாலமன் பாப்பையா. அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். சன் டி.வி. 1993இல் தொடங்கிய பிறகு, பொங்கல் தீபாவளி என்றால் காலையில் வீட்டுக்கு வீடு அவர் குரல் கேட்கும். அவர் சென்னைக்காகத் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. சென்னையும் மாற்றச் சொல்லவில்லை. ஏன்? அவர் போகும்போது பட்டிமன்றம் என்ற தன் முழு மேடையையும் கூடவே தூக்கிக்கொண்டு போனார். நடுவருக்கு முன்னுரை உண்டு, இடையிடையே பேச உரிமை உண்டு, தீர்ப்பு உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் ராஜ்ஜியம். திண்டுக்கல் லியோனி அய்யாவும் அப்படியே. பள்ளி ஆசிரியராக இருந்து, கோயில் திருவிழா மேடையிலும் கேசட்டிலும் பெயரெடுத்துவிட்டுத்தான் தொலைக்காட்சிக்கு வந்தார். அவர்களின் மதுரையும் திண்டுக்கல்லும் பேச்சில் உப்பாகக் கரைந்திருந்தன.

இரண்டாவது வகை, 2005இல் விஜய் டி.வி.யில் 'கலக்கப் போவது யாரு' தொடங்கிய பிறகு வந்தவர்கள். அந்த நிகழ்ச்சி எத்தனை ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது என்பதை நான் மறக்கவில்லை. சிங்கம்புணரியில் பிறந்த சிவகார்த்திகேயன் அதில் ஜெயித்து, அதே தொலைக்காட்சியில் 'அது இது எது' நடத்தி, 2012இல் கதாநாயகனாகி, இன்றைக்கு எங்கேயோ இருக்கிறார். நம் பக்கத்துப் பிள்ளை, சந்தோஷம். ஆனால் அந்த மேடையின் கணக்கு வேறு. ஒரு ஆளுக்கு நாலைந்து நிமிடம். படப்பிடிப்பு அரங்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கூட்டத்தைக் கைதட்டச் சொல்லித் தனியாக எடுத்துக்கொள்வார்கள், சிரிக்கச் சொல்லித் தனியாக எடுத்துக்கொள்வார்கள். பேசுகிறவர் ஒரு துணுக்கைச் சொல்லி முடித்து மூச்சு விடுவதற்குள் நடுவர் முகம் வந்துவிடும், ஒரு "டொய்ங்" சத்தம் போடுவார்கள், மேலே ஒரு சினிமாத் துண்டு ஓடும். நகைச்சுவைக்கு உயிரே அந்த மூச்சு விடும் இடைவெளிதான். அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

நாலு நிமிடத்தில் ஒருவன் யாரென்று கோடிப் பேருக்குச் சொல்ல வேண்டுமென்றால் வேகமான வழி ஒன்றே ஒன்று: முதுகில் ஒரு சீட்டு ஒட்டிவிடுவது. கோவைக்காரன் என்றால் மரியாதைப் பேச்சு. நெல்லைக்காரன் என்றால் "ஏலே". மதுரைக்காரன் என்றால் அருவா. 'காதல்', 'பருத்திவீரன்', 'சுப்ரமணியபுரம்' என்று வரிசையாக வந்த நல்ல படங்களும், தெரிந்தோ தெரியாமலோ, அந்த அருவாளுக்குச் சாணை பிடித்துக் கொடுத்துவிட்டன. மல்லிகைப்பூ வியாபாரியும், புத்தகக் கடைக்காரரும், மேலூர்ப் பக்கம் நெல்லுக்குத் தண்ணீர் வருமா என்று கால்வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் சம்சாரியும் அந்த நாலு நிமிடத்துக்குள் வர மாட்டார்கள்.

நம் மதுரைப் பிள்ளை வடிவேல் பாலாஜியை நினைத்துப் பாருங்கள். வடிவேலு அண்ணனின் தோற்றத்தையும் குரலையும் அச்சாக எடுத்துவந்து நம்மைச் சிரிக்கவைத்தவர். 2020இல், நாற்பத்தைந்து வயதில் காலமானார். மதுரைக்காரர் ஒருவர் இன்னொரு மதுரைக்காரராக வேஷம் கட்டித்தான் மக்கள் மனசில் நின்றார். எவ்வளவு திறமை! அந்த வேஷத்தைக் கலைத்துவிட்டு, பாலாஜியாகவே அரை மணி நேரம் பேச அவரை யார் விட்டார்கள்? ரோபோ சங்கரும் அப்படித்தான் தொடங்கினார். உடம்பெல்லாம் உலோக வண்ணம் பூசிக்கொண்டு எந்திர மனிதனாக ஆடி ஊர் மேடைகளில் பெயர் வாங்கியவர். அந்த ஆட்டமே பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. 2025 செப்டம்பரில் அவரும் போய்விட்டார். ஜலிலிக்கு வேஷத்தைக் கலைக்கும் நேரமும் கிடைத்தது. நம் ஆட்களுக்கு வேஷம் கட்ட மட்டும் நேரம் கொடுத்தோம்.

இதற்குத் தொலைக்காட்சியை மட்டும் குற்றம் சொன்னால் நியாயம் ஆகாது. ரீல்ஸ் என்று முப்பது விநாடிக்கு வந்துவிட்டோம். நாலு நிமிடம் இப்போது ஆடம்பரம். அதற்கு எதிராகவும் ஒன்று நடக்கிறது: சென்னையில் அரங்கத்துக்கு டிக்கெட் போட்டு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தனியாக நின்று தமிழில் பேசுகிறார்கள். அலெக்சாண்டர் பாபு பாட்டும் பேச்சுமாகச் செய்த நிகழ்ச்சி 2019இல் அமேசான் பிரைமில் வந்தது. அதைப் பார்த்தவர்கள் யாரும் அவர் எந்த ஜில்லா என்று முதலில் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த அரங்கம் மதுரையில் எத்தனை இருக்கிறது? மேலூரில் இருக்கிறதா? இங்கே கலைஞனுக்குக் கிடைக்கும் முதல் மேடை திருவிழா மேடைதான். அந்த மேடையில் நகைச்சுவைப் பேச்சுக்காரனுக்கு நாம் எதைக் கொடுக்கிறோம்? ஆடல் பாடல் குழு உடை மாற்றும் இடைவெளியை. "தம்பி, அவங்க ரெடியாகுற வரைக்கும் ஏதாவது பேசு" என்று தள்ளிவிடுகிறோம். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் டிரம்ஸ்காரர் தட்டிப் பார்ப்பார்.

விழாக் கமிட்டி அண்ணன்மார்கள் முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள். உங்களிடமே நேராகக் கேட்டுவிடுகிறேன். அடுத்த திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கும்போது, உள்ளூர்ப் பிள்ளை ஒருவனுக்கு அல்லது ஒரு பெண்ணுக்கு முழுசாக அரை மணி நேரம் எழுதிப் போடுங்கள். தனி மைக் கொடுங்கள். பக்கத்தில் கீபோர்டுச் சத்தம் வேண்டாம். நடிகர் குரலில் பேசச் சொல்லாதீர்கள், மதுரை பாஷையில் பேசிக் காட்டச் சொல்லாதீர்கள். அது தானாக வரும். பின்னால் நிற்கும் தம்பிகளே, நீங்கள் செல்லில் படம் பிடியுங்கள், ஆனால் அந்த அரை மணி நேரத்தையும் வெட்டாமல் ஏற்றுங்கள். முதல் பத்து நிமிஷம் அவன் தடுமாறினால் எழுந்து போகாமல் இருங்கள். இவ்வளவுதான் நான் கேட்பது.